சலவைக்கூட நிறுத்தத்தில் ஒன்பது நிமிடம்

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் குடை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர்மேல் எனக்குப் பதினோரு வருஷத்துக் கோபம் ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். எங்காவது கொஞ்சம் உறைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடை மழைக்கானது அல்ல. மழை பெய்தால் அதை விரிக்கக்கூட அவருக்கு மனசு வராது. முனையிலிருந்து கைப்பிடி வரை சரியாகத் தொண்ணூறு சென்டிமீட்டர். நடைபாதையில் படுக்கப் போட்டு அகலம் பார்ப்பார், நிமிர்த்தி வைத்துப் படிக்கட்டின் உயரம் பார்ப்பார். "இந்த நடைபாதை ஒண்ணரைக் குடைதான். இதுல ஒரு தள்ளுவண்டி வந்தா மனுஷன் எங்க போவான்?" என்று கேட்பார். நகரமைப்பைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்று அறைகள், ஏழு பேர். இதுதான் எங்கள் அறக்கட்டளை. நகரங்கள் எப்படி நடக்கின்றன, யாருக்காக நடக்கின்றன என்று ஆராய்வது எங்கள் வேலை. கல்யாணமான புதிதில் என் மாமியார், "ஆராய்ச்சி சரிங்க மாப்பிள்ளை, கடைசியில என்னத்த விப்பீங்க?" என்று கேட்டார். ஒன்றும் விற்பதில்லை என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. இன்றுவரை அது முழுசாக நிமிரவில்லை.

ஒரு வருஷத்துக்கு ஒரு கேள்வி. எந்தக் கேள்வி என்று முடிவு செய்யவே இரண்டு மாதம் சண்டை போடுவோம். ஒரு வருஷம் பொதுக் கழிப்பறைகள், ஒரு வருஷம் நடைபாதைகள், ஒரு வருஷம் குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்பது. பிறகு மூன்று மாதம் தெருவில் களப்பணி. அது முடிந்ததும் புள்ளியியல்காரர் கதவைச் சாத்திக்கொண்டு எண்களோடு குடித்தனம் நடத்துவார். அவர் வெளியே வந்ததும் நான் அறிக்கை எழுதுவேன். வருஷக் கடைசியில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. அங்கே எப்போதும் ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். அரசாங்கத்திடமும் கை நீட்டுவதில்லை, கம்பெனிகளிடமும் கை நீட்டுவதில்லை. அதனால் யாருக்கும் பயப்படாமல் எழுதலாம். அதனாலேயே யாரும் படிப்பதில்லை என்று நான் சொல்வேன். இயக்குநர் அம்மா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்ப்பார். நான் வாயை மூடிக்கொள்வேன்.

குடை அக்கா எங்களிடம் வந்து சேர்ந்த விதமே தனி. முதலில் அவர் ஒரு செருப்புக் கடையில் விற்பனைப் பெண். ஒருநாள் எங்கள் ஆள் ஒருவர் தெருவில் அவரை நிறுத்தி, "நீங்கள் வேலைக்கு நடந்து செல்கிறீர்களா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். "இப்படிக் கேட்டா எல்லாரும் இல்லைன்னுதாங்க சொல்வாங்க. நடந்து போறேன்னு சொல்லிக்க யாருக்குப் பிடிக்கும்? இந்தச் செருப்பு எத்தனை மாசம் உழைக்குதுன்னு கேளுங்க, உண்மை வரும்" என்றாராம் இவர். ஆள் அதைக் குறித்துக்கொண்டு வந்து சொல்ல, இயக்குநர் அம்மா அன்று சாயங்காலமே செருப்பு வாங்குகிற சாக்கில் கடைக்குப் போய்விட்டார். அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது.

அவர் கணவர் தையற்காரர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அக்கா தெருவுக்குப் போவதற்கென்றே பதினொரு பை வைத்த ஒரு மேல்சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார். பென்சிலுக்கு ஒன்று, சீவுகருவிக்கு ஒன்று, பிஸ்கட்டுக்கு ஒன்று. பதினொன்றாவது பை எதற்கு என்று கேட்டால் இருவருமே சொல்ல மாட்டார்கள். மடக்கு நாற்காலி, குடை, அந்தச் சட்டை, இத்தனையோடு அக்கா தெருமுனையில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் அவர் அங்கேயே முளைத்தவர் மாதிரி ஆகிவிடுவார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். களப்பணிக்கு அதுதான் வேண்டும்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் களப்பணியாளன்தான். அந்த வருஷத்துக் கேள்வி, பூங்காக்களில் யார் எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்பது. எனக்குக் கொடுத்த பூங்காவில் ஒரு பெஞ்சு கொளுத்தும் வெயிலில் கிடந்தது. வயசானவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். பார்க்கச் சகிக்காமல் நான் அந்த பெஞ்சை இழுத்து மரத்தடியில் போட்டேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் சரிபார்க்க வந்த அக்கா தரையில் இருந்த நான்கு கால் தடத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், நேரே போய் இயக்குநர் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"நாம பார்க்கத்தான் போறோம். மாத்திட்டுப் பார்த்தா, அது நாம மாத்தினதத்தான் பார்க்கிறோம்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அப்போதுதான் அந்த விதி எழுதப்பட்டது: பார்க்கிற இடத்தில் கை வைத்தவரின் கணக்கு முழுவதும் தள்ளப்படும், அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அவர் தெருவுக்குப் போகக் கூடாது. விதியின் வாசகம் அக்காவுடையது. அதன் முதல் பலி நான். மேசைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். நாற்காலி சுகமாகத்தான் இருந்தது, திரும்பிப் போகவில்லை. ஆனால் கோபத்தை மட்டும் விடவில்லை.

போன வருஷத்துக் கேள்வி, காத்திருப்பு. பஸ்ஸுக்காக மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள்? பன்னிரண்டு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வாரம். அக்காவுக்குக் கிடைத்தது மேட்டுச் சாலையில் உள்ள சலவைக்கூட நிறுத்தம். பெரிய மருத்துவமனையின் துணிகளையெல்லாம் துவைக்கிற கூடம் அது. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து நாற்பது ஐம்பது பெண்கள் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். நிறுத்தத்தில் கூரையும் கிடையாது, உட்கார இடமும் கிடையாது. ஒரு கம்பம் மட்டும். கணக்குத் தாளில் பெயர் எழுத மாட்டோம். அடையாளம், வந்த நேரம், பஸ் ஏறிய நேரம். "பச்சைப் பை, முட்டி வலி, 2.06, 2.14." இந்த மாதிரி.

எண்கள் வந்தபோது புள்ளியியல்காரர் அறையைவிட்டு ஓடியே வந்தார். அந்த மனுஷன் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. மற்ற நிறுத்தங்களில் சராசரி இருபத்தி நான்கு நிமிடம். சலவைக்கூட நிறுத்தத்தில் ஒன்பது.

"ரெண்டு வருஷம் முன்னால அந்த வழியில கூடுதலா ஒரு பஸ் விட்டாங்கல்ல? அது வேலை செய்யுது. நாம சொல்லி ஒரு நல்லது நடந்திருக்கு சார்" என்றார். எங்களுக்கும் தலைகால் புரியவில்லை. நாங்கள் சொல்லி ஒரு நல்லது நடப்பது அவ்வளவு அபூர்வம். அக்காவும் சிரித்தார். நான் அதை அறிக்கையின் மூன்றாம் பக்கத்திலேயே பெரிதாக எழுதினேன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியீட்டுக்கு ஐந்து வாரம் முன்னால், அறிக்கையில் அடிபடுகிற அலுவலகத்துக்கு வரைவை அனுப்பிவிடுவோம். தகவலில் பிழை இருந்தால் அவர்கள் சொல்லலாம், கருத்தை மாற்றச் சொல்லக் கூடாது. வழக்கமாகப் பதிலே வராது. இந்தத் தடவை போக்குவரத்து அலுவலகத்திலிருந்து எட்டு நாளில் கடிதம் வந்தது. நான்தான் எல்லோருக்கும் சத்தமாகப் படித்தேன். எங்கள் ஆய்வுக்கு நன்றி. சலவைக்கூட நிறுத்தத்தில் காத்திருப்பு ஒன்பது நிமிடமே என்பதால் அந்த வழியில் இரண்டு பஸ்கள் தேவையில்லை. இன்னும் மூன்று மாதத்தில் ஒன்றை எடுத்து வேறு வழியில் விடப்போகிறார்கள்.

புள்ளியியல்காரர் முனகினார். இயக்குநர் அம்மா கடிதத்தை வாங்கி இரண்டாம் முறை படித்தார். அக்கா மட்டும் எழுந்து போய் அலமாரியிலிருந்து தன் களப் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.  குடையை மறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை மாமா எனக்குப் போன் செய்தார். போனில் நாலு வார்த்தைக்குமேல் பேசாதவர்.

"தம்பி, உங்க அக்கா நேத்துலேர்ந்து சாப்பிடல. கேட்டா, ஐம்பது பொம்பளைங்களோட பஸ்ஸ நான் பிடுங்கிட்டேங்குறா. எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்சம் பாத்துக்கங்க."

அக்கா பத்து மணிக்கு வந்தார். நேரே இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "நீயும் வா. நீ கேக்கணும்" என்றார். 

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"மேடம், முதல் ரெண்டு நாள் நான் வாயே திறக்கல. அந்தப் பச்சைப் பை அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. கம்பத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். மூணாம் நாள், பஸ் போயிடுச்சாங்கன்னு கேட்டுது. என் புத்தகத்துல முந்தின ரெண்டு நாள் நேரமும் இருக்கு. இன்னும் அரை மணி ஆகும், உள்ள போய் உக்காருங்கன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் நாலு பேர் கேட்டாங்க. அதுக்கப்புறம் எல்லாரும் சலவைக்கூட முற்றத்துலயே உக்காந்துட்டாங்க. தூரத்துல மேட்டு வளைவுல பஸ்ஸு தலை தெரிஞ்சதும் நான் குடையத் தூக்குவேன், அது ஏறி வர அஞ்சாறு நிமிஷம் ஆகும். ஓடி வருவாங்க. முட்டி வலி அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடியே தூக்கிடுவேன்."

இயக்குநர் அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"வந்த நேரம்னு நான் எழுதினது, நான் குடையத் தூக்கின நேரம். கம்பத்தடிக்கு வந்தாத்தானே வந்த கணக்குன்னு அப்ப தோணிச்சு. ஒன்பது நிமிஷம்னா அது பஸ்ஸு இல்ல மேடம். அது நான்."

உண்மையைச் சொல்கிறேன். பதினோரு வருஷமாக நான் இந்தத் தருணத்தைக் கற்பனை செய்திருக்கிறேன். அக்கா ஒருநாள் வசமாக மாட்டுவார், அப்போது நான் என்னென்ன சொல்வேன் என்று வரிசையாக வைத்திருந்தேன். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. 

இயக்குநர் அம்மா மெதுவாக, "அந்த நிறுத்தத்த மட்டும் எடுத்துடலாம். பதினொரு நிறுத்தம்னு போட்டுக்கலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். அக்காமேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

"நிறுத்தத்த எடுத்துட்டா மட்டும் பஸ்ஸு தங்காது மேடம். ஒன்பதுங்கிறத அவங்க ஏற்கெனவே பிடிச்சுக்கிட்டாங்க. தப்புன்னு எழுதினாத்தான் விடுவாங்க."

"எழுதினா, மத்த பதினொண்ணும் தப்பா இருக்கும்னு சொல்வாங்களே."

"சொல்லட்டும். அது என்னால வந்தது. மறுபடியும் போய் எண்ணணும். நான் போகக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ போ. அந்த இடத்துல வாயத் திறக்காம உக்கார உன்னாலதான் முடியும். உனக்கு ஒருதடவை சூடு பட்டிருக்கு."

இப்படித்தான், பதினோரு வருஷம் கழித்து, மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான் தெருவுக்குப் போனேன். அச்சகத்துக்கு இரண்டு வாரம் தள்ளிச் சொன்னோம். பத்து வேலை நாள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நாள் வந்ததில்லை. முதல் நாள் அந்தப் பெண்கள் முற்றத்திலேயே உட்கார்ந்து என் பக்கம் பார்த்தார்கள். நான் அசையவில்லை. பஸ் வந்தது, போனது, பாதிப் பேர் ஏற முடியாமல் நின்றார்கள். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேண்டாம். மறுநாளிலிருந்து எல்லோரும் பழையபடி கம்பத்தடிக்கே வந்துவிட்டார்கள். முதல் இரண்டு நாள் கணக்கையும் தள்ளிவிட்டு, மேற்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன்.

பச்சைப் பை அம்மா தினமும் என்னிடம் கேட்டார். "பஸ் எப்போங்க?" எனக்குத் தெரியும். என் மடியில் எழுதி இருக்கிறது. தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொள்வேன். ஐந்தாம் நாள் அவர் நாற்பத்தொரு நிமிடம் நின்றார். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில், கம்பத்தைப் பிடித்தபடி. என் நாற்காலி அவரிடமிருந்து இரண்டு குடை தூரம். எழுந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் பஸ்ஸே போய்விடும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பாவி என்று நினைத்திருப்பார்.

தினமும் சாயங்காலம் அலுவலகத்தில் அக்கா எனக்காகக் காத்திருப்பார். சராசரியைக் கேட்க மாட்டார்.

"முட்டி வலி அம்மா இன்னைக்கு எவ்வளவு நேரம்?"

"நாப்பத்தொண்ணு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீர்க் குவளையைக் கழுவப் போய்விட்டார். கழுவின குவளையையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சராசரி முப்பத்தொரு நிமிடம். நான் விளக்கக் குறிப்பு எழுதினேன்: களப்பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் முந்தைய எண் பிழையானது என்று. அக்கா பென்சிலை எடுத்து, 'ஒருவரின்' என்பதற்கு முன்னால் 'பத்தொன்பது ஆண்டு அனுபவமுள்ள' என்று சேர்த்தார். "இல்லைன்னா புதுசா வந்தவங்க மேல பழி போகும்" என்றார். 'கவனக்குறைவால்' என்பதையும் அடித்தார். "கவனமாத்தான் செஞ்சேன்" என்றார். நடந்ததை நடந்தபடி ஒரு முழுப் பக்கம் எழுதச் சொன்னார். எழுதினேன்.

வெளியீட்டு நாளில் அதிசயமாக முக்கால் மண்டபம் நிறைந்தது. எங்கள் பிழையைப் பார்க்க வந்த கூட்டம் என்று நினைக்கிறேன். போக்குவரத்து அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல, பஸ்கள் போதாமல் முழிபிதுங்குகிறவர். எழுந்து நிதானமாகக் கேட்டார்.

"வரைவுல ஒன்பதுன்னீங்க, இப்ப முப்பத்தொண்ணுங்கிறீங்க. நான் எத நம்பறது?"

இயக்குநர் அம்மா மைக்கை எடுக்குமுன் அக்கா தன் இடத்திலேயே எழுந்துவிட்டார்.

"ரெண்டையும் நம்புங்க சார். அதே ரோடு, அதே ரெண்டு பஸ்ஸு. எப்ப வரும்னு ஒரு ஆள் சொன்னா ஒன்பது நிமிஷம் நிக்கிறாங்க. யாரும் சொல்லலைன்னா முப்பத்தொண்ணு. நான் சொல்லியிருக்கக் கூடாது, அது என் வேலை இல்ல. அதனால என்னை எடுத்துட்டாங்க. ஆனா சொல்றது யாரோ ஒருத்தரோட வேலைதானே சார்?"

 அதிகாரி உட்கார்ந்து ஏதோ எழுதினார். அடுத்த வாரம், பஸ்ஸை எடுக்கப்போவதில்லை என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது.

அக்காவை மறுபடி தெருவுக்கு அனுப்பலாமா என்று இயக்குநர் அம்மா பேச்சை எடுத்துப் பார்த்தார். அக்கா பிடி கொடுக்கவில்லை. என் பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் ஜன்னல் வழியே கண்ணாடிக் கடைக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுவார். அவர் முகம் வாடிக்கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, என் பழைய கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டார். "நீயும் வரியா?" என்றார். எங்கே என்று கேட்கத் தேவையில்லை.

இரண்டு மணிக்குச் சலவைக்கூடம் விட்டது. அக்காவைப் பார்த்ததும் பச்சைப் பை அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

"எங்கம்மா போயிட்டீங்க? உங்களுக்கு அப்புறம் ஒரு ஊமை மனுஷன் வந்து உக்காந்திருந்தான். கல்லு மாதிரி." பிறகுதான் பின்னால் நின்ற என்னைக் கவனித்தார்.

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"அட, பேசுவீங்களா?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். குடை தூக்கியது, ஒன்பது நிமிடம், கடிதம், பஸ் போக இருந்தது. எதையும் குறைக்கவில்லை. சுற்றி நின்ற பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லி முடித்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

பச்சைப் பை அம்மா பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "நீங்களா வந்து சொல்லலையேம்மா" என்றார். "கேட்டது நான்தானே."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் வளைவில் பஸ் வந்தது. பெண்கள் ஏறினார்கள். பச்சைப் பை அம்மா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"நீங்க ஏறலையா?"

அக்கா திடுக்கிட்டார். பத்தொன்பது வருஷமாக எத்தனையோ நிறுத்தங்களில் உட்கார்ந்திருக்கிறார். எண்ணிக்கொண்டிருந்த நிறுத்தத்தில் ஒருநாள்கூட அவர் பஸ் ஏறியதில்லை. ஏறக் கூடாது.

"இப்ப ஏறலாம்ல?" என்று என்னிடம் கேட்டார், அனுமதி கேட்பதுபோல.

"தாராளமா" என்றேன்.

உள்ளே யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். அக்கா ஜன்னலோரமாக, பச்சைப் பை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் ஏறி நின்றுகொண்டேன். கண்டக்டர் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார், எனக்கும் தெரியவில்லை. பச்சைப் பை அம்மாதான், "நம்ம கூடத்தான் வராங்க" என்றார்.